கம்பம் நட்ட ஊரில் கல்யாண மண்டபம்

அன்று மதியம் இரண்டு மணி அவசரக் கூட்டத்துக்கு நான் கிளம்பும்போதே வெளிநடப்பு செய்யும் எண்ணத்தோடுதான் கிளம்பினேன். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. என் பெயர் ராமாமணி. பூவரசம்பாளையம் பேரூராட்சியில் ஒன்பதாவது வார்டு கவுன்சிலர், சுயேச்சை. சந்தைப்பேட்டைக்கு எதிரே மாவு மில் வைத்திருக்கிறேன். இருபது வருஷமாக மில் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. எனக்கு மைக் தேவையில்லை. இதுவரை ஏழு கூட்டங்களில் வெளிநடப்பு செய்திருக்கிறேன். ஒரு தடவை இருந்த கோபத்தில் செருப்பை விட்டுவிட்டு வந்துவிட்டேன். திரும்பிப் போய் எடுத்தால் மானம் போய்விடும் என்று வீடு வரை வெறுங்காலோடு நடந்தேன், பங்குனி வெயிலில்.

இப்போதும் பங்குனிதான். ஊரில் மஞ்சள் காமாலை. போன மாதம் சந்தை ரோட்டில் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டியபோது குடிதண்ணீர்க் குழாய் உடைந்திருக்கிறது. அது யாருக்கும் தெரியவில்லை. சாக்கடை கலந்த தண்ணீரை நாலு வார்டு ஜனங்களும் ஒரு வாரம் குடித்துவிட்டோம். பிறகு கண்டுபிடித்து, குழாயை அடைத்து, டேங்கைக் கழுவி, லாரியில் தண்ணீர் விட்டார்கள். ஆனால் குடித்தது குடித்ததுதானே? காமாலை கண்ணில் தெரிய ஒரு மாதம்கூட ஆகும் என்று டாக்டர் முன்பே சொன்னார். அதன்படியே நாளுக்கு நாலு பேர், அஞ்சு பேர் என்று ஏறி, அன்றைக்கு அறுபத்து நாலு பேர்.

இதற்கு நடுவில்தான் மாரியம்மன் நோன்பு வந்தது. பூச்சாட்டித் திருவிழாவைத் தொடங்கி, கோயில் வாசலில் கம்பமும் நட்டு நாலு நாள் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மூன்று கிளை உள்ள ஒரு மரத்தை வெட்டி வந்து கோயில் முன் நடுவார்கள். அதற்குத் தினமும் பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும். பதினைந்தாம் நாள் அதைப் பிடுங்கும் வரை ஊரில் கல்யாணம் காட்சி கிடையாது. முக்கியமாக, ஊரில் இருப்பவர் யாரும் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், பொழுது விழுந்தால் ஊருக்குள் இருக்க வேண்டும். என் மகள் சாய்ப்ரியா கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். அவளே பதினைந்து நாளைக்கு வீட்டிலிருந்து வேலை என்று எழுதி வாங்கிக்கொண்டு, மாடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

காமாலைக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? காலையில் பக்கத்து டவுனான கோபியில் பெரியாஸ்பத்திரிக்குப் போவார்கள். கட்டில் கொடுத்து, டிரிப் போட்டுப் படுக்க வைப்பார்கள். மணி நாலரை ஆனதும் நர்ஸம்மா அந்தப் பக்கம் திரும்பினால் போதும், கட்டில் காலி! கையில் குத்திய ஊசி கையிலேயே இருக்க, அதன்மேல் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, நாலு நாற்பது டவுன் பஸ்ஸில் ஏறி ஊருக்கு வந்துவிடுவார்கள். பெண்களுக்கு டிக்கெட்டும் இல்லையா, கேட்கவே வேண்டாம். மறுநாள் காலையில் அதே பஸ், அதே கட்டில். ஆஸ்பத்திரியில் எங்கள் ஊர் பெயரைச் சொன்னாலே தலையில் அடித்துக்கொள்கிறார்களாம்.

கூட்டத்தில் முதலில் எழுந்தவர் எங்கள் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் சசிதர். சின்ன வயது. நாலு நாளாகத் தாடி மழிக்கவில்லை.

"நேத்து சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல ஹர்ஷிணின்னு ஒரு பொண்ணு படியில இருந்து மயங்கி விழுந்திருச்சுங்க. எட்டு மாசக் கர்ப்பிணி. காமாலை. கோபியில இருந்து டிரிப்பைப் பிடுங்கிப் போட்டு வந்திருக்குது. இன்னிக்குக் காலையிலயும் கோபிக்குப் போயிருக்குது, சாயங்காலம் அதே பஸ்ஸுலதான் திரும்பி வரும்" என்றார். "மத்தவங்களுக்கு இது மூணு வாரத்துல போயிருங்க. நிறை கர்ப்பிணிக்கு அப்படியில்லை. ஈரல் நின்னு போச்சுன்னா தாயும் போயிரும், குழந்தையும் போயிரும். ராத்திரி பகல் பாக்காம ஒரு டாக்டர் பக்கத்துலயே இருக்கோணும். நான் ஒரு ஆள், ஆறு கட்டில். என்னால முடியாதுங்க."

எல்லாரும் பழனியாத்தாளைப் பார்த்தோம். நாலாவது வார்டு கவுன்சிலர் அவர். ஹர்ஷிணி அவருடைய மருமகள். அவருக்கும் எனக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. சந்தைக் கடை ஏலத்தில் வந்த சண்டை, அதை விடுங்கள். பழனியாத்தாள் மேஜையைப் பார்த்தபடியே இருந்தார்.

"ஏனுங்க, அந்தப் புள்ளையை அங்கயே படுக்க வெச்சிருக்கலாமுல்லீங்க?" என்று தலைவர் ரங்கம்மாள் மெதுவாகக் கேட்டார்.

"கம்பம் நட்டிருக்குதுங்களே" என்றார் பழனியாத்தாள். அவ்வளவுதான்.

எனக்கு வந்த கோபத்தில் எழுந்து கத்தியிருப்பேன். ஆனால் நானே கம்பம் நட்ட மூன்றாம் நாள் ஈரோட்டுக்கு ஒரு சாவுக்குப் போய், பிணம் எடுக்கும் முன்னே பஸ் பிடித்து ஓடி வந்தவள். எந்த வாயால் அவரைத் திட்டுவது?

டாக்டர் ஒரு நல்ல சேதியும் வைத்திருந்தார். மாவட்டச் சுகாதாரத் துறை ஒரு முழு அணியை அனுப்பத் தயார்: பிரசவ டாக்டர் உட்பட மூன்று டாக்டர்கள், எட்டு நர்ஸ்கள், நாற்பது கட்டில், ரத்தப் பரிசோதனை வண்டி, வாசலிலேயே ஒரு ஆம்புலன்ஸ். ஊருக்குள்ளேயே வைத்தியம். ஆனால் கட்டடம் வேண்டும். அதற்குக் குழாய்த் தண்ணீரைச் சேராத சொந்தத் தண்ணீர் இருக்க வேண்டும். மன்றத் தீர்மானத்தின் நகல் நாலு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். போகவில்லை என்றால் அந்த அணி இதே நோய் வந்திருக்கும் வேறொரு ஊருக்குக் கிளம்பிவிடும்.

அப்போது மணி இரண்டே முக்கால்.

பள்ளிக்கூடத்தில் பொதுத் தேர்வு நடக்கிறது. சமுதாயக் கூடத்தைப் புதுசாகக் கட்டுகிறோம் என்று இடித்து ஒரு வருஷம் ஆகிறது. இடித்த கல் மட்டும் கிடக்கிறது. மீதி ஊரில் இருப்பது ஒரே கட்டடம், நஞ்சம்மாள் திருமண மண்டபம். பன்னிரண்டு அறை, பெரிய சாப்பாட்டுக் கூடம், ஜெனரேட்டர், சொந்த போர்வெல், தண்ணீர் சுத்தம் பண்ணும் மிஷின். கம்பம் நட்ட ஊரில் கல்யாணம் ஏது? பூட்டித்தான் கிடந்தது. அதன் உரிமையாளர் எங்கள் துணைத்தலைவர் லட்சுமணசாமி. தன் தாயார் பெயரில் கட்டிய மண்டபம்.

லட்சுமணசாமி மரியாதையின் மொத்த உருவம். யாரிடமும் முடியாது என்று சொன்னதே இல்லை. "பாக்கலாமுங்க" என்பார். அதற்கு முடியாது என்று பொருள்.

தலைவர் கேட்டதும், "பாக்கலாமுங்க" என்றார்.

"பாக்கறதுக்கு நேரமில்லீங்க!" என்றேன் நான்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அம்மணி, நீங்க அவசரப்படாதீங்க. எனக்கும் மனசு இருக்குதுங்க. ஆனா கொரோனா சமயத்துல பக்கத்து ஊர்ல ஒருத்தரு மண்டபத்தை உட்டாருங்க. தங்கமான மனுசன். அப்புறம் ரெண்டு வருசம் ஒரு கல்யாணங்கூட வரலை. சீக்குக்காரங்க படுத்த எடத்துல எவனுங்க தாலி கட்டுவான்? இப்ப அங்க வெங்காயம் அடுக்கி வெச்சிருக்காங்க. மண்டபத்துக்குப் பேருதானுங்க எல்லாம். அது எங்கம்மா பேருங்க."

அதில் பொய் இல்லை. அந்த மண்டபத்தை நானே போய்ப் பார்த்திருக்கிறேன், வெங்காய வாடை வாசல் வரைக்கும் வரும்.

கலெக்டர் உத்தரவு போட்டு எடுக்க முடியாதா என்று யாரோ கேட்டார்கள். கோப்பு போய் வர இரண்டு நாள் ஆகும் என்றார் செயல் அலுவலர் கிருபாசங்கர். இரண்டாவது வார்டு அழகிரிசாமி, தென்னந்தோப்பில் பந்தல் போடலாமே என்றார். டாக்டர் அவரைப் பார்த்த பார்வையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆளுக்கொரு பக்கம் பேசிக் கூச்சல் பெருகியது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே! அரசாங்கமே டாக்டரையும் கட்டிலையும் கொண்டுவந்து இறக்குகிறேன் என்கிறது, நாங்கள் வாசலில் நின்று வழக்காடிக் கொண்டிருந்தோம். மணி மூன்றே கால்.

"பெத்தவளும் புள்ளையும் சாகக் கெடக்கறாங்க, உங்களுக்கு மண்டபத்துப் பேரு பெருசாப் போச்சுங்களா?" என்று நான் மேஜையைத் தட்டினேன்.

லட்சுமணசாமியின் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு போயிற்று. குரலை மட்டும் உயர்த்தவில்லை.

"ஏனுங்க அம்மணி, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. உங்க மகளுக்கு வைகாசியில கல்யாணம். சொந்த ஊர்ல, ஊட்டுல இருந்து கூப்புடு தூரத்துல என்ற மண்டபம் இருக்குது. நீங்க கோபிக்குப் போயி ஏசி மண்டபம் புடிச்சீங்க. நல்லா இருக்கையிலயே உங்க பொண்ணு கல்யாணத்துக்கு ஆகாத மண்டபம், சீக்குக்காரங்க படுக்கறதுக்கு மட்டும் ஆகுமுங்களா?"

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. போன தேர்தலில் அவர் பங்காளியைத்தான் எனக்கு எதிராக நிறுத்தினார். பதினோரு ஓட்டில் ஜெயித்தேன். அந்தக் கடுப்பில்தான் அவர் மண்டபத்துப் படியை மிதிப்பதில்லை என்று கோபியில் புக் பண்ணினேன். சம்பந்தி வீட்டார் ஏசி கேட்டார்கள் என்று ஊரில் சொல்லிக்கொண்டது சும்மா ஒரு சாக்கு. பிறகு அவர்களுக்கும் ஏசி பிடித்துப்போய், பத்திரிகைகூட அடிக்கக் கொடுத்துவிட்டார்கள்.

கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். கிருபாசங்கர் பெருமூச்சு விட்டு, நடவடிக்கைப் புத்தகத்தில் 'ஒன்பதாவது வார்டு உறுப்பினர் வெளிநடப்பு' என்று எழுதத் தொடங்கிவிட்டார். வாசலில் இருந்த நிருபர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார். நான் வாசலுக்குப் போகவில்லை. சுற்றி வந்து லட்சுமணசாமி நாற்காலிக்கு முன்னால் நின்றேன்.

"வைகாசி இருவத்தி மூணு. சாய்ப்ரியா கல்யாணம் உங்க மண்டபத்துலதானுங்க. கடைசி சீக்குக்காரர் எந்திரிச்சுப் போனதும் அங்க நடக்கற மொத முகூர்த்தம் எங்களுது. எழுதிக்குங்க."

"அம்மணி, கோவத்துல பேசறீங்க."

"கோவத்துலதானுங்க பேசறேன். கோவம் போனாலும் சொன்னது சொன்னதுதான்."

"மகளைக் கேட்டீங்களா கண்ணு?" என்று தலைவர் கேட்டார்.

"கேட்டாச்சுங்க" என்றேன். அந்த மன்றத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறார்கள். நான் சொன்ன ஒரே பொய் அதுதான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எனக்கு மில்லில் வளர்த்த வாய் வேறு. சாய்ப்ரியா கல்யாணப் புடவையின் நிறத்தையே அந்த ஏசி மண்டபத்து மேடைக்குப் பொருத்தமாகத்தான் எடுத்திருந்தாள்.

லட்சுமணசாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். இவள் சொல்வதை நம்பலாமா என்று யோசிக்கிறார் என்று தெரிந்தது.

அப்போது நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பழனியாத்தாள் எழுந்து நின்றார். மேஜை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்திருந்தார்.

"நான் பொல்லாதவ இல்லீங்க. ஆத்தாளுக்குப் பயந்தவ. அவளை மீறி மருமவளை அனுப்பி, நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா என்ற மவன் மூஞ்சில எப்படி முழிப்பேன்? அனுப்பாம உட்டு ஆச்சுன்னாலும் எப்படி முழிப்பேன்? நாலு நாளா எனக்குச் சோறு எறங்கலீங்க." லட்சுமணசாமி பக்கம் திரும்பினார். "ஊருக்குள்ளயே டாக்டரு இருந்தா, ஆத்தாளே வழி உட்ட மாதிரிங்க. பேரனோ பேத்தியோ, நல்லபடியாப் பொறந்தா தொட்டில் போடறது உங்க மண்டபத்துலதானுங்க. சத்தியமுங்க."

அழகிரிசாமி, தன் அறுபதாம் கல்யாணமும் அங்கேதான் என்றார். ஆறாவது வார்டுக்காரர் மட்டும், தன் மகன் நிச்சயதார்த்தத்துக்கு வேறு இடம் பேசியாயிற்று, அதை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார். அதுவும் நேர்மைதானே.

லட்சுமணசாமி தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வேர்வையா கண்ணீரா, எனக்குத் தெரியாது. போனை எடுத்து மண்டபத்து மேனேஜரைக் கூப்பிட்டார்.

"நரசிம்மலு, மண்டபத்தைத் தொறந்து உடு. ரூமெல்லாந்தான். ஜெனரேட்டருக்கு டீசல் பாத்து வெச்சுரு." பிறகு எங்களைப் பார்த்து, "ஒண்ணே ஒண்ணுங்க. நோயாளிகள் முகாம்னு பேனர் கட்டி எங்கம்மா பேரை மறைச்சுப்போடாதீங்க. பேரு தெரியட்டும்" என்றார்.

கைதட்டினார்கள் பாருங்கள்! நானும் தட்டினேன். அவருக்காக நான் கைதட்டுவேன் என்று காலையில் யாராவது சொல்லியிருந்தால் மில்லை விட்டே துரத்தியிருப்பேன்.

மணி மூன்றே முக்கால். கிருபாசங்கர் 'வெளிநடப்பு' என்று எழுதியதை அடித்துவிட்டுத் தீர்மானத்தை எழுத ஆரம்பித்தார். பேனா ஓடிய வேகத்தில் கையெழுத்து கோழி கிளறியது போல இருந்தது. "இதோடவே எங்க வார்டு தெருவிளக்கையும் ஒரு வரி சேத்திருங்க" என்று அழகிரிசாமி எட்டிப் பார்க்க, பதிமூன்று பேரும் ஒரே குரலில் "உக்காருங்க!" என்றோம். தலைவர் ரங்கம்மாள் கையெழுத்துப் போட உட்கார்ந்தார். அவர் தன் முழுப் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாக, புள்ளி வைத்து, கோலம் போடுகிற பொறுமையோடுதான் போடுவார். அன்றைக்கும் அப்படியேதான் போட்டார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரங்கம்மாளில் 'ள்' வந்ததும்தான் மூச்சு விட்டேன்.

நகல் எடுக்கலாம் என்று மிஷினைப் போட்டால் கரண்ட் போயிற்று. "போட்டோ எடுத்து அனுப்பலாமுங்க" என்றார் டாக்டர். எடுத்தார். அனுப்பினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, போகவில்லை. எங்கள் ஆபீசில் மொட்டை மாடியில்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். டாக்டர் போனோடு படியேறி ஓடினார், பின்னால் நடவடிக்கைப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கிருபாசங்கர், அவருக்குப் பின்னால் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான், எனக்குப் பின்னால் பழனியாத்தாள். இரண்டு வருஷமாகப் பேசாதவர், "சித்தெ வேகமா ஏறுங்க அம்மணி, வழியை மறைக்கறீங்க" என்று முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

மூன்று ஐம்பத்தாறுக்கு இரண்டு டிக் விழுந்தது. மூன்று ஐம்பத்தெட்டுக்கு அது நீலமானது. நாங்கள் நாலு பேரும் அந்தச் சின்னத் திரையையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம், தலையோடு தலை முட்டியபடி. நாலு மணி ஒரு நிமிஷத்துக்குப் போன் அடித்தது. டாக்டர் கேட்டார், "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்றார், அணைத்தார்.

"கெளம்பிட்டாங்க" என்றார். அவ்வளவு படித்த மனிதர், அந்த மொட்டை மாடியில் ஒரு குதி குதித்தார்.

பிறகு ஒரு நிமிஷம் யாரும் சும்மா இல்லை. கவுன்சிலர்கள் எல்லாரும் மண்டபத்துக்குப் போய் நாற்காலிகளை ஓரமாக அடுக்கினோம், கூடத்தைப் பெருக்கினோம். தூய்மைப் பணியாளர்கள் கழிவறைக்கெல்லாம் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினார்கள். லட்சுமணசாமி தானே ஏணியில் ஏறி ஒட்டடை அடித்தார். மேடைக்குப் பக்கத்தில் மணமகள் அறை. குளியலறை சேர்ந்தது, ஜன்னல் காற்று நன்றாக வரும். அதை ஹர்ஷிணிக்கு என்று டாக்டர் ஒதுக்கினார். கதவில் பித்தளை எழுத்தில் 'மணமகள்' என்று இருந்தது. நான் அதைப் பார்க்காமல் கடந்து போனேன்.

என் போனில் பதினான்கு மிஸ்டு கால், எல்லாம் சாய்ப்ரியா. வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ நாலு மணிக்கே போட்டுவிட்டார்கள்: 'சாய்ப்ரியா திருமணம் நஞ்சம்மாள் மண்டபத்தில்! ராமாமணி அக்காவுக்கு நன்றி!' கீழே அறுபது கும்பிடு. என்னால் போனை எடுக்க முடியவில்லை. மேஜையைத் தட்டிப் பேசுகிற எனக்கு மகளிடம் ஒரு வார்த்தை சொல்லத் தைரியம் இல்லை.

ஐந்தரைக்கு கோபி டவுன் பஸ் வந்தது. கண்டக்டருக்குப் போன் பண்ணியிருந்தோம். பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் மண்டபத்து வாசலிலேயே நிறுத்தினார். கையில் கைக்குட்டை கட்டியவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள், பதினேழு பேர். கம்பம் நட்ட ஊரில் மண்டபத்தில் விளக்கு எரிகிறதே என்று தெருவே கூடிவிட்டது. கடைசியாக ஹர்ஷிணி வந்தாள். கண் இரண்டும் மஞ்சளாக இருந்தன. வயிற்றைத் தாங்கியபடி படியில் தயங்கினாள்.

"எங்க அத்தை கூட்டிட்டுப் போறீங்க? கம்பம்..." என்றாள்.

"ஊருக்குள்ளதான் கண்ணு. டாக்டரு இங்கயே வாராங்க. இனி பஸ்ஸு ஏற வேண்டாம்" என்று பழனியாத்தாள் அவளைக் கைத்தாங்கலாக இறக்கினார். இன்னொரு பக்கம் நான் பிடித்துக்கொண்டேன்.

ஆறு மணிக்கு மாவட்ட வண்டிகள் வந்தன. பிரசவ டாக்டர் நேராக மணமகள் அறைக்குப் போனார். அரை மணி கழித்து வெளியே வந்து, ஈரல் இன்னும் கைவிடவில்லை, குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது, ராத்திரியெல்லாம் மருந்து ஏறட்டும், ரத்த அளவு கெட்டால் மட்டும் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் கோயமுத்தூர் என்றார். பழனியாத்தாள் அதற்கும் தலையாட்டினார்.

நான் திரும்பினால், வாசலில் சாய்ப்ரியாவின் ஸ்கூட்டர்.

எங்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு, சண்டை மட்டும் தமிழ். அவள் தமிழில்தான் ஆரம்பித்தாள்.

"அம்மா, ஊரே எங்கிட்ட தேங்க்ஸ் சொல்லுது. எதுக்குன்னே எனக்குத் தெரியலை. என்னைக் கேட்டாச்சுன்னு சொன்னீங்களாமா? எப்பக் கேட்டீங்க?"

"கேக்கலை" என்றேன். "நேரமில்லை சாயி. தப்புதான்."

"பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சு. அவங்க ஊட்டுல என்ன சொல்லுவாங்க? இது எங்கல்யாணமா, உங்க கவுன்சில் மீட்டிங்கா?"

அவள் கேட்டது நியாயம். லட்சுமணசாமி தூரத்தில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மாட்டேன் என்று சொன்னால், நான் சொன்னதை நம்பித் தாயார் பெயரைத் தூக்கிக் கொடுத்தவர் முகத்தில் எப்படி விழிப்பேன்?

"அந்த ஹர்ஷிணி எந்த ரூமுல இருக்குது?" என்றாள்.

நான் கையைக் காட்டினேன். அவள் விறுவிறுவென்று போனாள். கதவைத் தட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. எனக்கு அந்தப் பத்து நிமிஷம் மதியம் பட்ட பாட்டைவிடப் பெரிய பாடு. வாசலில் கட்டில்களை இறக்கினார்கள், யாரோ என்னிடம் ஏதோ கேட்டார்கள், காதில் விழவில்லை.

வெளியே வந்தவள் நேராக லட்சுமணசாமியிடம் போனாள்.

"அங்கிள், அந்த ரூம்ல ஃபேன் கடகடன்னு சத்தம் போடுதுங்க. மாத்தோணும்."

"வைகாசிக்குள்ள புதுசே போட்டர்றேன் கண்ணு. ஏசியே போட்டர்றேன்."

"வைகாசிக்கு இல்லீங்க, இப்ப. அந்தப் புள்ள ராத்திரி தூங்க வேண்டாமுங்களா?"

அவர் ஆள் கூப்பிட ஓடினார். சாய்ப்ரியா என் பக்கம் வந்தாள். கண் சிவந்திருந்தது. இப்போது தெலுங்கில் பேசினாள், மெதுவாக.

"உள்ள போனதும் அந்தப் பொண்ணு எழுந்திருக்கப் பாத்துச்சும்மா. அவங்க அத்தை எல்லாம் சொல்லிட்டாங்களாம். 'அக்கா, உங்க ரூம்ல வந்து படுத்துக்கிட்டேன், தப்பா நினைச்சுக்காதீங்க'ன்னு எங்கிட்ட மன்னிப்புக் கேக்குது. கையில டிரிப்பு, வயித்துல குழந்தை, கண்ணெல்லாம் மஞ்சள். அது எங்கிட்ட மன்னிப்புக் கேக்குதும்மா."

"நீ என்ன சொன்னே?"

சாய்ப்ரியா துப்பட்டாவில் மூக்கைத் துடைத்தாள்.

"நீ நல்லா ஆகற வரைக்கும் ரூம் உன்னுதுதான், வைகாசியில ஒரே ஒரு நாள் மட்டும் எனக்கு விட்டுக்குடுன்னு சொல்லிட்டு வந்தேன்."